ஏழாம் துகள்: உப்புத்துளிக்கு முன்னும் பின்னும்

விமானங்களின் மேல்தோலுக்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வரும் அலுமினியக் கலவை 2024-டி3. அலுமினியத்தோடு ஏறக்குறைய 4.4% செம்பும், 1.5% மக்னீசியமும், 0.6% மாங்கனீசும் சேர்ந்தது. இதற்கு வலு கொடுப்பது செம்பு. உப்புக்காற்றில் இது அரித்துப் போவதற்கும் அதே செம்புதான் காரணம். கலவைக்குள் கரையாமல் நின்றுபோன செம்பும் மக்னீசியமும் சில மைக்ரான் அளவுத் துகள்களாக ஆங்காங்கே திரண்டு கிடக்கும். அரிப்பு அந்த இடங்களில்தான் பிடிக்கிறது. எந்தத் துகளில் முதலில் பிடிக்கிறது, பிடித்தபின் அந்தத் துகளுக்கு என்ன ஆகிறது என்று ஒரே துகளை விடாமல் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. ஐந்து மாதம் அந்த வேலையில் இருந்தேன். அதில் செய்தவை, தடுமாறிய இடங்கள், கிடைத்த படங்கள் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலையைத் தொடங்கப்போகும் ஒருவருக்கு ஒரு மாதமாவது மிச்சமாகும்.

துகள்களில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்றை எஸ் துகள் என்கிறார்கள். இரண்டு அலுமினிய அணுவுக்கு ஒரு செம்பு, ஒரு மக்னீசியம் என்ற கணக்கில் அமைந்த சேர்மம் அது. பெரும்பாலும் உருண்டையாக இருக்கும். இன்னொன்று இரும்பும் மாங்கனீசும் கலந்தது, கோணல்மாணலாகப் பெரிதாக இருக்கும். இங்கே அதை இரும்புத் துகள் என்றே சொல்லிவிடுகிறேன்.

எஸ் துகளில் ஒரு புதிர் இருக்கிறது. அதில் மக்னீசியம் இருப்பதால், தண்ணீர் பட்டதும் சுற்றியுள்ள அலுமினியத்தைவிட முந்திக்கொண்டு கரைய வேண்டும். கரையவும் செய்கிறது. ஆனால் 1998-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் ஷ்முட்ஸும் ஜெரால்ட் ஃபிராங்கெலும் கெல்வின் முறையில் இந்தக் கலவையின் மேற்பரப்பை அளந்தபோது, எஸ் துகள் சுற்றுப்புறத்தைவிட உயர்ந்த மின்னழுத்தத்தைக் காட்டியது. அதாவது எளிதில் கரையாத உலோகத்தின் அடையாளத்தை. துகளின் மேல் படிந்திருக்கும் மெல்லிய படலம்தான் அப்படிக் காட்டுகிறது என்று அவர்கள் கண்டார்கள். உப்பு நீருக்குள் ஊசிமுனையால் அந்தப் படலத்தை லேசாகச் சுரண்டியதும் துகள் கரையத் தொடங்கியது. வரைபடத்தைப் பார்த்து யார் கரைவார் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் ஒரு கருவியோடு நிற்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

கெல்வின் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வேறு உலோகங்களைக் கம்பியால் இணைத்தால் மின்னூட்டம் சற்றே இடம் மாறி, அவற்றின் மேற்பரப்புகளுக்கு இடையே ஒரு மின்னழுத்த வேறுபாடு தோன்றும். கெல்வின் பிரபு 1898-இல் அதை உலோகத் தட்டுகளை வைத்து அளந்தார். அணுவிசை நுண்ணோக்கி 1986-இல் வந்தது. 1991-இல் நோனன்மாக்கர், ஓபாய்ல், இலங்கையில் பிறந்த குமார் விக்கிரமசிங்க ஆகிய மூவரும் கெல்வினின் தட்டுக்குப் பதிலாக அந்த நுண்ணோக்கியின் ஊசியை வைத்தார்கள். ஊசி ஒரு வரியை முதலில் தட்டித் தட்டிப் போய் மேடுபள்ளத்தைப் பதிவு செய்யும். அப்புறம் அதே வரியில், அதே மேடுபள்ளத்தின் வழியே, 100 நானோமீட்டர் உயரத்தில் மிதந்து போகும். அப்போது ஊசிக்கும் தகட்டுக்கும் இடையே மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால் மின்விசையால் ஊசி அதிரும். அந்த அதிர்வு நிற்கும்வரை ஒரு நேர்திசை மின்னழுத்தத்தைக் கருவி கூட்டிக் குறைத்துப் பார்க்கும். அதிர்வு நின்ற மதிப்புதான் அந்தப் புள்ளியின் அளவு. ஒரே ஓட்டத்தில் உயரப்படமும் மின்னழுத்தப்படமும் கிடைத்துவிடும். துகள் என்ன வகை என்பதை மட்டும் இது சொல்லாது. அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கியும் அதோடு வரும் எக்ஸ்-கதிர் பகுப்பாய்வும் வேண்டும்.

பாலிஷ் செய்வதில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம்: தண்ணீர் கூடாது. எஸ் துகளின் மக்னீசியம் சாதாரணத் தண்ணீரிலேயே வெளியேறத் தொடங்கும். 320-இல் தொடங்கி 2000 வரை எமரி பேப்பர் எல்லாவற்றையும் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில்தான் தேய்த்தேன். அப்புறம் 3 மைக்ரான், 1 மைக்ரான், கால் மைக்ரான் டயமண்ட் பேஸ்ட், அதற்கும் தண்ணீர் கலக்காத எண்ணெய்தான். கடைசி மெருகுக்கு எல்லாரும் எடுக்கும் கூழ்ம சிலிக்காவை நான் தொடவில்லை. அது காரத்தன்மை உள்ளது, அலுமினியத்தையே கரைக்கும். கண்ணாடி மாதிரி பளபளப்பு வராது. ஆனால் இந்த வேலைக்குப் பளபளப்பைவிடத் துகள் முழுதாக இருப்பதுதான் பெரிது.

அடுத்த சிக்கல், இடம். ஒரு செ.மீ. தகட்டில் பல்லாயிரக்கணக்கான துகள்கள் இருக்கும். இன்று ஒரு கருவியில் பார்த்த துகளை நாளை இன்னொரு கருவியில் எப்படிக் கண்டுபிடிப்பது? விக்கர்ஸ் கடினத்தன்மைச் சோதனைக் கருவியால் மூன்று குழிகள் இட்டேன். 50 கிராம் சுமையில் இந்தக் கலவையில் விழும் சதுரக் குழியின் மூலைவிட்டம் ஏறக்குறைய 26 மைக்ரான். மூன்றையும் ஒரே கோட்டில் வைக்காமல் ட வடிவில் வைத்தேன். ஒரு கை நீளமாகவும் இன்னொன்று குட்டையாகவும் இருந்ததால் தகட்டை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் திசை தெரிந்துவிடும். குழியைச் சுற்றி உலோகம் பிதுங்கி நிற்கும், அங்கே துகளும் நசுங்கியிருக்கும். அதனால் ஊசி ஓட்டும் சதுரத்தைக் குழியிலிருந்து 50 மைக்ரானாவது தள்ளி எடுத்தேன். அந்தச் சதுரத்துக்குள் வந்த துகள்களுக்கு எண் கொடுத்தேன். ஏழாம் எண் பெற்றது 4 மைக்ரான் அகலமுள்ள, கிட்டத்தட்ட வட்டமான ஓர் எஸ் துகள். அதிலிருந்து 15 மைக்ரான் தள்ளி மூன்றாம் எண் இரும்புத் துகள். இந்த இரண்டையும்தான் அதிகம் பார்த்தேன்.

முதல் சுற்றில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் துகள்களை அடையாளம் கண்டுவிட்டு, தகட்டை நேராகக் கெல்வினுக்குக் கொண்டு போனேன். உயரப்படம் அழகாக வந்தது. மின்னழுத்தப் படத்தில் ஓர் ஓரத்திலிருந்து பாதி வரைக்கும் கருப்பாக ஒரு கட்டம். விளிம்பு ரூலர் வைத்து வெட்டியது போல நேராக இருந்தது. ஊசி கெட்டுவிட்டதோ என்று ஊசியை மாற்றினேன். கட்டம் அப்படியே இருந்தது. தகட்டைத் திருப்பி வைத்து ஓட்டினேன், கட்டமும் கூடவே திரும்பியது. அப்படியென்றால் கருவியின் கோளாறு இல்லை, தகட்டில் ஏதோ இருக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்கும் அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். பார்த்ததும், "இது உங்க தகட்டுல இருந்தது இல்லம்மா, நம்ம பீம் விட்டுட்டுப் போன கார்பன்" என்றார். நான் எக்ஸ்-கதிர் பகுப்பாய்வுக்காகப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்திருந்த சதுரம்தான் அது. வெற்றிடத்தில் மிச்சமிருக்கும் எண்ணெய் ஆவியையும் தகட்டின் மேலிருக்கும் கரிமக் கசடையும் எலக்ட்ரான் கற்றை அந்த இடத்திலேயே உறைய வைத்துவிடும். உயரம் ஓரிரு நானோமீட்டர்தான். ஆனால் மின்னழுத்தத்தை அது மொத்தமாக மாற்றிவிடுகிறது. அதைவிட மோசம், அந்தப் படலம் உப்புத் தண்ணீரையும் உலோகத்தைத் தொடவிடாது. அப்படிப்பட்ட சதுரத்தில் அரிப்பைப் பார்ப்பது வேலைக்கே ஆகாது.

அப்படியானால் கெல்வினை முதலில் எடுத்து, எலக்ட்ரானைக் கடைசிக்குத் தள்ளலாமே? தள்ளினால் உப்புக்குப் பிறகுதான் துகளின் வகை தெரியும். அதற்குள் மக்னீசியம் போயிருக்கும், எஸ் துகளை எஸ் என்று நிரூபிக்க முடியாது. பிளாஸ்மாவில் சுத்தம் செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். அது கார்பனை எடுப்பதோடு மேற்பரப்பை ஆக்சிஜனேற்றமும் செய்துவிடும். இந்த வேலையில் மேற்பரப்புப் படலம்தான் கதாநாயகன், அதை நான் தொட விரும்பவில்லை.

வழி குழியிலேயே இருந்தது. விக்கர்ஸ் குழியின் ஆழம் மூலைவிட்டத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. 26 மைக்ரான் குழி என்றால் கிட்டத்தட்ட 3.7 மைக்ரான் ஆழம். மேலிருந்து கொஞ்சம் தேய்த்தாலும் குழி மறையாது, நாலு மைக்ரான் துகளும் பெரும்பாலும் மறையாது. முதலில் எலக்ட்ரானில் துகள்களை அடையாளம் கண்டு எண்ணிட்டு வைத்துக்கொண்டேன். அப்புறம் கால் மைக்ரான் பேஸ்டில், ஆல்கஹாலோடு, ஒரு நிமிடம் மட்டும் மறுபடி தேய்த்தேன். எவ்வளவு போயிற்று என்பதையும் குழியே சொல்லிவிடும். மூலைவிட்டம் 26.0-லிருந்து 24.6 மைக்ரானாகச் சுருங்கியிருந்தது. 1.4-ஐ ஏழால் வகுத்தால் 0.2 மைக்ரான். கார்பன் படலத்தோடு 200 நானோமீட்டர் உலோகமும் போயிருக்கிறது, துகள்கள் அதே இடத்தில் நிற்கின்றன. மறுபடி கெல்வினில் வைத்தபோது கருப்புக் கட்டம் இல்லை. அன்று உண்டான நிம்மதியை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

அதிலிருந்து வரிசை இப்படி நிலைத்தது: எலக்ட்ரான், மறுபாலிஷ், கெல்வின், உப்பு, கெல்வின், மறுபடி உப்பு, மறுபடி கெல்வின், எல்லாம் முடிந்த பிறகு எலக்ட்ரான். இடையில் இடத்தைத் தேட ஒளி நுண்ணோக்கி மட்டும்தான்.

கெல்வின் எண்களை நம்புவதற்கு முன் இரண்டு சோதனைகள் பழக்கமாகின. ஒன்று, குறி. மின்னழுத்தத்தை ஊசிக்குக் கொடுக்கிறீர்களா, தகட்டுக்குக் கொடுக்கிறீர்களா என்பதைப் பொறுத்துப் படத்தின் குறி தலைகீழாகும். ஒரு வாரம் துகள்கள் வெளிச்சமாகவும் அடுத்த வாரம் கருப்பாகவும் வந்தபோது நான் கலங்கிப்போனேன். இடையில் யாரோ மென்பொருளில் ஓர் அமைப்பை மாற்றியிருந்தார்கள். அன்றிலிருந்து அலுமினியத்தின்மேல் பாதிக்குத் தங்கம் பூசிய ஒரு துண்டை முதலில் ஓட்டிவிடுகிறேன். தங்கம் உயர்ந்ததாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் குறி மாறியிருக்கிறது. இரண்டு, ஊசி. என் ஊசிகளில் பிளாட்டினம்-இரிடியம் பூச்சு, முனையின் வளைவு ஏறக்குறைய 25 நானோமீட்டர். பூச்சு உரிந்தால் படத்தின் நடுவில் மதிப்பு திடீரென்று தாவும். ஒவ்வொரு படத்துக்கும் முன்னும் பின்னும் ஒழுங்குற்ற கிராஃபைட் துண்டில் செலோடேப்பால் ஓர் அடுக்கை உரித்துவிட்டு, அந்தப் புதுப் பரப்பில் ஒரு வரி ஓட்டிப் பார்ப்பேன். இரண்டு மதிப்பும் 20 மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துவந்தால்தான் படத்தை ஏற்றுக்கொள்வேன்.

எங்கள் ஆய்வகம் சென்னையில். ஐப்பசி, கார்த்திகையில் ஏசி ஓடினாலும் ஈரப்பதம் 70%-க்குக் கீழே இறங்க மறுக்கும். தகட்டின்மேல் மெல்லிய நீர்ப்படலம் உட்கார்ந்துவிட்டால் மின்னழுத்த வேறுபாடுகள் அமுங்கிப்போகும். கருவியின் மூடிக்குள் சிலிகா ஜெல் தட்டு வைத்து, 40%-க்கு வந்தபிறகே ஓட்டினேன். 60 மைக்ரான் சதுரம், 512 வரி, விநாடிக்கு 0.3 வரி. ஒவ்வொரு வரியும் இரண்டு முறை என்பதால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அப்படி எடுத்தால் ஒரு பிக்சல் 117 நானோமீட்டர், துகளுக்குள் இருக்கும் நுணுக்கம் தெரியாது. அப்புறம் ஏழாம் துகளை மட்டும் 10 மைக்ரான் சதுரத்தில் எடுத்தேன். அப்போது பிக்சல் 20 நானோமீட்டருக்கு வந்தது. ஆனால் இந்த முறையில் மின்னழுத்தப்படம் அவ்வளவு கூர்மையாக இருக்காது, ஊசியின் கூம்பு பக்கவாட்டிலிருந்தும் விசையை வாங்கிக்கொள்ளும். உயரப்படத்தில் 20 நானோமீட்டரை நம்புவேன், மின்னழுத்தப்படத்தில் 100-க்குக் கீழே நம்ப மாட்டேன்.

உப்பு, நூறில் ஒரு மோலார் சோடியம் குளோரைடு. 20 மைக்ரோலிட்டர் துளி. ஏசி காற்றில் ஐந்து நிமிடத்திலேயே துளியின் ஓரம் வற்றி உப்பு அடர்ந்துவிடும் என்பதால், மூடிய பெட்ரி தட்டுக்குள் ஈரப்பஞ்சு ஒன்றை வைத்து, அதன் பக்கத்தில் தகட்டை வைத்தேன். நேரம் முடிந்ததும் அயனி நீக்கிய நீரில் இரண்டு விநாடி அலசி, உடனே ஆல்கஹாலில் முக்கி, நைட்ரஜன் ஊதிக் காயவைத்தேன். அலசுவதைத் தவிர்த்த முதல் முறை உப்புப் படிகங்கள் எல்லாத் துகளின்மேலும் ஏறி உட்கார்ந்து படம் வீணாயிற்று. கெல்வினை உப்புத் தண்ணீருக்குள்ளேயே ஓட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தமே தண்ணீரில் வினையைத் தூண்டிவிடும், அயனிகளும் அதை மறைத்துவிடும். காயவைத்துப் பார்ப்பதுதான் எனக்குக் கிடைத்த வழி. நடுவில் காய்வது வினையின் போக்கை மாற்றலாம் என்பதால், அதே தகட்டில் இன்னொரு குழி-மூன்றைத் தொடர்ந்து அரைமணி நேரம் துளிக்கு அடியில் விட்டு ஒப்பிட்டுக்கொண்டேன்.

உப்புக்கு முன் ஏழாம் துகள் சுற்றுப்புறத்தைவிடச் சராசரியாக 170 மில்லிவோல்ட் உயரம். மூன்றாம் இரும்புத் துகள் 290. ஷ்முட்ஸும் ஃபிராங்கெலும் சொன்ன அதே புதிர் என் திரையிலும் வந்து நின்றது.

ஐந்து நிமிடத் துளிக்குப் பிறகு ஏழாம் துகளின் மேற்பரப்பு வழவழப்பை இழந்திருந்தது, தேன்கூட்டின் ஓரம் போலச் சொரசொரப்பு. மின்னழுத்தப்படம் ஒரே நிறமாக இல்லாமல் துண்டு துண்டாகப் பிரிந்திருந்தது. சில துண்டுகள் 90, சில 310. ஒரே துகளுக்குள் மக்னீசியம் போன பகுதியும் போகாத பகுதியும் அடுத்தடுத்து இருக்கின்றன என்றுதான் அதைப் படித்தேன். துகளைச் சுற்றி அலுமினியத்தில் 30 நானோமீட்டர் ஆழத்துக்கு மெல்லிய அகழி தொடங்கியிருந்தது. மூன்றாம் துகளில் அகழி இல்லை.

அரைமணிக்குப் பிறகு கதை திரும்பியிருந்தது. ஏழாம் துகள் முழுக்கவும் 340 மில்லிவோல்ட், இப்போது இரும்புத் துகளைவிட உயரம். நடுவில் விரிசல்கள். அகழியின் ஆழம் 210 நானோமீட்டர். கரையத் தொடங்கியது துகள்தான். மக்னீசியமும் அலுமினியமும் வெளியேறி, செம்பு செறிந்த நுரை போன்ற எலும்புக்கூடு மிஞ்சியதும், அதுவே ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் களமாக மாறிவிட்டது. ஆக்சிஜனும் தண்ணீரும் எலக்ட்ரானை வாங்கினால் ஹைட்ராக்சைடு பிறக்கும், அங்கே பி.எச். ஏறும். பி.எச். 9-ஐத் தாண்டினால் அலுமினியத்தின் காப்புப் படலம் கரைந்துவிடும். அகழி அப்படித்தான் வெட்டப்படுகிறது. மூன்றாம் துகளைச் சுற்றியும் அரைமணிக்குள் 40 நானோமீட்டர் அகழி வந்திருந்தது. அது கரையவில்லை, சுற்றியிருந்ததைக் கரைத்தது.

210 என்பது குறைந்தபட்ச ஆழம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒடுங்கிய அகழிக்குள் ஊசியின் கூம்பு அடிவரை போகாது. தகட்டைச் சாய்த்து எலக்ட்ரானில் பார்த்தபோது அகழியின் ஒரு பக்கம் செங்குத்தாக உள்ளே இறங்கியிருந்தது, அந்தப் பக்கத்தை ஊசி சரிவு என்று காட்டியிருந்தது.

கடைசி எலக்ட்ரான் சுற்றில் எனக்கு மிகப் பிடித்த ஒப்பீடு கிடைத்தது. 15 கிலோவோல்ட்டில் எக்ஸ்-கதிர் எடுத்தால் ஏழாம் துகளில் மக்னீசியம் இன்னும் இருந்தது. கற்றை ஒன்றிரண்டு மைக்ரான் ஆழம்வரை இறங்கி, கீழே கெடாமல் இருக்கும் பகுதியையும் சேர்த்துப் பார்ப்பதால் அப்படி. 5 கிலோவோல்ட்டுக்கு இறக்கினேன். அங்கே கற்றை மேலிருக்கும் சில நூறு நானோமீட்டரில் நின்றுவிடும். மக்னீசியத்தின் முகடு கிட்டத்தட்ட காணாமல் போயிற்று, செம்பு ஓங்கி நின்றது. மின்னழுத்தப்படத்தில் 340 ஏன் வந்தது என்பதற்கு அதுதான் விடை.

நான்கு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைக்க, இலவசமாகக் கிடைக்கும் குவிடியன் மென்பொருளில் உயரப்படங்களைச் சமன் செய்து, ஃபிஜி என்ற பட மென்பொருளில் மூன்று துகள்களின் மையத்தைப் பிடித்துப் பொருத்தினேன். குழிகளின் மூலையைப் பிடித்தால் பிதுங்கல் ஏமாற்றிவிடுகிறது. அப்படிப் பொருத்தியபோதுதான், ஏழாம் துகளிலிருந்து 6 மைக்ரான் தள்ளி வெறும் அலுமினியத்தில் ஒரு சிறு புள்ளி கண்ணில் பட்டது. அகலம் 300 நானோமீட்டர், மின்னழுத்தம் உயரம், 5 கிலோவோல்ட்டில் செம்பு. ஐந்து நிமிடப் படத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. துகளிலிருந்து பிரிந்த செம்பு அங்கே போய்ப் படிந்திருக்கிறது. அதைச் சுற்றியும் 25 நானோமீட்டர் ஆழத்தில் ஒரு குட்டி அகழி.

அந்தப் புள்ளி ஐந்தாம் நிமிடத்துக்கும் முப்பதாம் நிமிடத்துக்கும் நடுவில் எப்போது வந்தது என்று இந்தத் தகட்டில் தெரியாது. அடுத்த தகட்டை மறுபாலிஷ் முடித்து வைத்திருக்கிறேன். ஒன்பது துகள்களுக்கு எண்ணிட்டாயிற்று, நான்கு எஸ், ஐந்து இரும்பு. இந்த முறை துளி 10 நிமிடம், 15 நிமிடம், 20 நிமிடம் என்று.